உயிராற்றல் வேளாண்மையும் பொதுநலனும்: ஒரு திராட்சைத் தோட்டம் தரும் படிப்பினை

பயிர்ப் பாதுகாப்பில் உழவர் ஒருவரின் தனிக்கொள்கைக்கு எல்லை உண்டா என்னும் கேள்வி, 2013-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் பர்கண்டிப் பகுதியில் எழுந்து, பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. திராட்சை மதுவைப் பற்றிய கருத்து எதுவாயினும், அதன் பின்னணியிலுள்ள வேளாண் சிக்கல் எல்லா நாட்டு நிர்வாகத்திற்கும் பொதுவானதாகும்.

முறையும் அதன் விலையும்

உயிராற்றல் வேளாண்மையின் தோற்றம், 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளில் காணப்படுகிறது. பண்ணையை ஒரே உயிரமைப்பாகக் கருதுவது இதன் அடிப்படை. இரசாயன உரம் இடுவதில்லை. பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பி, குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, பின்னர் நீரில் கலக்கித் தெளிக்கின்றனர். இக்கலவைக்குக் கூறப்படும் தனிச்சிறப்பை அறிவியல் உறுதிசெய்யவில்லை. மது தயாரிப்பிலும் தலையீடு குறைவு: பழத்தோலில் இயல்பாக உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களே சாற்றைப் புளிக்கச் செய்கின்றன, கந்தக டை ஆக்சைடு மிகக் குறைந்த அளவிலேயே சேர்க்கப்படுகிறது. சிறிது கவனம் தவறினாலும் ஓராண்டு உழைப்பு காடியாக மாறிவிடும்.

சுவிட்சர்லாந்தில் 1978-இல் தொடங்கிய நீண்டகால வயல் ஆய்வின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. உயிராற்றல் முறையிலும் இயற்கை முறையிலும் பயிர் விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. எனினும் உரமும் ஆற்றலும் 34 முதல் 53 விழுக்காடு வரையிலும், பூச்சிமருந்து 97 விழுக்காடும் குறைவாகவே தேவைப்பட்டன. இது திராட்சை பற்றிய ஆய்வன்று. ஆயினும் வரவு செலவின் போக்கை உணர்த்துகிறது. விளைச்சல் இழப்பைப் பல ஆண்டுகள் தாங்கி, மண்வளத்தின் பயனை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லக் குடும்ப நிறுவனங்களால் ஓரளவு இயலுகிறது.

ஆணையும் மறுப்பும்

போன் என்னும் நகரை ஒட்டி ஏறத்தாழ 10 ஹெக்டேரில் திராட்சை பயிரிடும் இம்மானுவேல் ஜிபுலோ இத்தகையவர். அவருடைய தந்தை 1970-களிலேயே இயற்கை வேளாண்மைக்கு மாறியவர். கொடிகளைத் தாக்கும் ‘பொன்மஞ்சள்’ நோய்க்கு மருந்தில்லை. அதை ஒருவகைத் தத்துப்பூச்சி தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குப் பரப்புகிறது. அண்டை மாவட்டத்தில் நோயுற்ற கொடிகள் வேரோடு அகற்றப்பட்டிருந்தன. எனவே 2013 ஜூனில் கோத்-தோர் மாவட்ட நிர்வாகம் பூச்சிமருந்துத் தெளிப்பைக் கட்டாயமாக்கியது. இயற்கை விவசாயிகளுக்கு, சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரெத்ரம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதுவும் நன்மை செய்யும் பூச்சிகளைக் கொல்லும் என்று ஜிபுலோ மறுத்தார்.

ஆறு மாதச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் வரை விதிக்கத்தக்க குற்றம் அது. 2014 ஏப்ரலில் திஜோன் நீதிமன்றம் 1,000 யூரோ அபராதம் விதித்து, அதில் பாதியை நிறுத்திவைத்தது. மேல்முறையீட்டில் ஆணையின் சட்டத்தகுதியே கேள்விக்குள்ளாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவர் விடுவிக்கப்பட்டார்.

படிப்பினை

உயிராற்றல் முறை சரியா, தவறா என்பதற்கு அத்தீர்ப்பு விடையாகாது. நிர்வாகத்தின் அச்சம் வீணானதன்று. ஒருவர் தெளிக்க மறுத்தால் அதன் இடர் அவருடைய வேலியோடு நிற்பதில்லை. உழவரின் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நோய் காணப்படாத இடத்திலும் மருந்து தெளிப்பது பயனற்ற செலவாகலாம்.

இரண்டுக்கும் இடையில் வழியுண்டு. நடவுக் கன்றுகளை 50 பாகை வெந்நீரில் 45 நிமிடம் வைத்தெடுத்தால் நோய்க்கிருமி அழிகிறது. தோட்டந்தோறும் ஆய்வு நடத்தி, நோயுற்ற கொடிகளை உடனே அகற்றி, தேவையுள்ள இடத்தில் மட்டும் மருந்து தெளிக்கலாம். இதற்குப் பயிற்சி பெற்ற பணியாளரும் அண்டை உழவரின் ஒத்துழைப்பும் தேவை. ஆணை பிறப்பிப்பதைவிடக் கண்காணிப்பு கடினமானது. ஆயினும் கொள்கையுடைய உழவரையும் அவருடைய அண்டை வீட்டாரையும் ஒருசேரக் காக்கவல்லது அதுவே.