சைலன்சர் மாற்றப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிளுக்குப் புதுச் சைலன்சர் பூட்ட விரும்பும் தம்பிமார்களே! விலை பேசுமுன், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று கேளுங்கள். சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். 3 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அங்கீகாரமற்ற சைலன்சரை அங்கே கழற்றச் சொல்வார்கள். போட்ட காசு வீண்.

பல வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிக் கலம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நச்சுப் புகை கூடும்.

பூட்டும்போது இயந்திரம் ஆறியிருக்கட்டும். மூட்டுக்குப் புது கேஸ்கெட் போடுங்கள். போல்ட்டுகளைத் தளர்வாகக் கோத்து, குழாய் நேராக அமர்ந்தபின் இறுக்குங்கள்.

தேக்காவின் அடுக்குமாடிகளுக்கிடையே சிறு சத்தமும் எதிரொலிக்கும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குகிறவர்களையும் நினையுங்கள்.