வெயிலில் நிற்கும் கார்... உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா?

சித்திரை, வைகாசியில் ஓமலூர் பக்கம் அடிக்கும் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிழல்கூட இல்லாமல் வரிசையாக கார்கள் நிற்கும். பந்தி முடிந்து வந்து கதவைத் திறந்தால், முகத்தில் அனல் அடிக்கும். ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. சீட் பெல்ட்டின் கொக்கி சுரீரென்று சுடும்.

கண்ணாடி வழியாக வெயில் சுலபமாக உள்ளே போய்விடுகிறது. டேஷ்போர்டும் சீட்டும் அதை வாங்கிச் சூடாகின்றன. அந்தச் சூடு திரும்ப வெளியேற வழியில்லை. அடைத்துக்கிடக்கும் காற்றும் சேர்ந்து கொதிக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று இதை அளந்து சொல்கிறது. வெளியே சுமார் 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி. சீட் 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69 டிகிரி! நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48 டிகிரிதான். நம் ஊர்க் கோடைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

முதல் வேலை, வெயிலைத் தடுப்பது

டேஷ்போர்டு வெளுப்பதும், ரெக்ஸின் சீட்டில் வெடிப்பு விழுவதும் அழுக்கால் அல்ல; பெரும்பாலும் வெயிலால்தான். என்ன பாலிஷ் போட்டாலும் வெடித்தது ஒட்டாது. அதனால் நிழல் பார்த்து நிறுத்துங்கள். புளியமரம், வேப்பமரம் கிடைத்தால் நல்லது. பறவை எச்சம் விழுந்தால் உடனே ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள்.

நிழல் இல்லாத இடத்தில், முன் கண்ணாடிக்கு உள்ளே பளபளப்பான மடக்கு ஷேட் ஒன்றை விரித்து வையுங்கள். டேஷ்போர்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் அதுதான் குடை. பின் சீட்டில் ஒரு பழைய பருத்தித் துண்டைப் போர்த்தலாம். கிளம்பும்போது ஷேட்டை எடுத்துவிட வேண்டும்.

'கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டால் போச்சு' என்று நினைக்காதீர்கள். கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை விதித்தது. முன், பின் கண்ணாடிகள் வழியாக 70 சதவிகிதமும், பக்கக் கண்ணாடிகள் வழியாக 50 சதவிகிதமும் வெளிச்சம் போக வேண்டும் என்பது சட்டம்.

சுத்தம் செய்வது எப்படி?

செம்மண் புழுதி பறக்கும் ஊர் என்பதால் கோடையில் வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது. காலையிலோ மாலையிலோ, வண்டி ஆறிய பிறகு, நிழலில் வைத்துச் செய்யுங்கள். சூடான பிளாஸ்டிக்கில் சோப்புத் தண்ணீர் பட்டதும் காய்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துவிடும்.

* மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் டேஷ்போர்டு, பிறகு சீட், கடைசியில் தரை. ஏசி துவாரங்களின் தூசியை எடுக்கப் பழைய பெயின்ட் பிரஷ் போதும்.

* உலர்ந்த துணியால் புழுதியைத் தேய்த்தால் கீறல் விழும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அழுக்கு அதிகம் என்றால் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு.

* எண்ணெய்ப் பளபளப்பு தரும் பாலிஷை டேஷ்போர்டில் பூசினால் வெயில் எதிரொளித்து முன் கண்ணாடியில் தெரியும், சாலை மறையும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் பூசவே கூடாது, வழுக்கும்.

* சீட் பெல்ட்டுக்கு மிதமான சோப்புத் தண்ணீர் மட்டும். பிளீச்சிங் பட்டால் நூலிழை பலவீனமாகும்.

* முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாக ஒரு படலம் படிந்திருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் விடும் ஆவியும் அதில் சேர்ந்ததுதான். பகலில் தெரியாது. இரவில் தொப்பூர் மலைப்பாதையில் எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும்போது கண்ணைக் கூசவைக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

* கழுவிய மேட்டை முழுக்கக் காயவைத்த பிறகே போடுங்கள். ஈரத்தோடு போட்டால் பூஞ்சை வாடை வரும். வாடை போக, சமையல் சோடாவை இரவு முழுக்கத் தூவிவைத்து, காலையில் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாம்.

இவை உள்ளே இருக்கக் கூடாது

ஸ்பிரே டப்பாக்களில் '50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள். டேஷ்போர்டின் 69 டிகிரியை நினைத்துப் பாருங்கள். பாடி ஸ்பிரே, சிகரெட் லைட்டர், பவர் பேங்க், சானிடைசர் எதையும் வண்டியில் விட்டுப் போகாதீர்கள். இன்சுலின் போன்ற மருந்துகள் இந்தச் சூட்டில் கெட்டுவிடும்.

குழந்தைகள்... ஒரு நிமிடம்கூட வேண்டாம்

2005-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிதாகப் பலனில்லை. குழந்தையின் உடலோ பெரியவர்களைவிட மிக வேகமாகச் சூடாகும்.

2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போய் கதவு பூட்டிக்கொண்டதில் நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த கார் ஊருக்குள்தான் நின்றிருந்தது.

ஆகவே வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டி, சாவியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். 'தூங்குகிறான், எழுப்ப வேண்டாம், இரண்டே நிமிஷம்' என்று கடைக்குள் போகாதீர்கள். இறங்கும்போதெல்லாம் பின் சீட்டைத் திரும்பிப் பாருங்கள். குழந்தையைக் காணவில்லை என்றால், வீட்டில் தேடும்போதே காரையும் டிக்கியையும் திறந்து பாருங்கள்.

கிளம்பும்போது நான்கு கதவையும் திறந்து அனல் போகவிடுங்கள். குழந்தையை உட்காரவைக்கும் முன் சீட்டையும் பெல்ட் கொக்கியையும் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால், குழந்தைக்கு அது கொப்புளம்.