விழுங்கும் வழி

மைசூர்ப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை மெல்லமாட்டார்கள். உருண்டையைக் கிள்ளி, சாற்றில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். புதிதாகப் பார்க்கும் நமக்கு அது வியப்பளிக்கும். ஆயினும் அந்த ஒரு விழுங்கலுக்குள் எத்தனை காரியங்கள்! நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளுகிறது, குரல்வளை மேலெழுகிறது, மூச்சு கணநேரம் நிற்கிறது, மூச்சுக்குழலின் வாசல் மூட, உணவுக்குழலின் வாசல் திறக்கிறது. தொண்டையில் நிகழும் இவ்வளவும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டவர்களுக்கு இந்த ஒழுங்கு குலையக்கூடும். அறுவைச் சிகிச்சையில் நாவின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருக்கலாம். கதிர்வீச்சினால் உமிழ்நீர் வற்றும், வாய் புண்ணாகும், தசைகள் நாளடைவில் விறைத்துப்போகும்.

கெட்டி உணவு இறங்காவிட்டாலும் தண்ணீராவது இறங்கும் என்று நாம் நினைக்கிறோம். உணவுக்குழல் குறுகியவருக்கு அது பொருந்தலாம். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கோ தண்ணீரே ஆபத்து. வாசல் மூடுமுன் அது விரைந்தோடி மூச்சுக்குழலில் புகுந்துவிடும். புரையேறினால் இருமல் வருமே என்று நம்பியிருக்கவும் இயலாது. உணர்ச்சி மரத்த தொண்டையில் இருமலே எழாமல் நீர் நுரையீரலைச் சேர்வதுண்டு. உண்டபின் குரல் நீர்கோத்தாற்போல் கரகரத்தல், அடிக்கடி காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றைக் கண்டால் ஐயுற வேண்டும். படுத்திருப்பவர் வாயில் அன்போடு பாலை ஊற்றுகிறோமே, அது நுரையீரல் அழற்சியில் முடியக்கூடும்.

மைசூர் மானசகங்கோத்ரியில் 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனத்தில் விழுங்கற் குறைகளுக்கும் சிகிச்சையுண்டு. பேச்சு நிபுணருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். பேசும் நாவும் விழுங்கும் நாவும் ஒன்றுதானே! இத்துறை வல்லுநர்கள், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே திரையில் பார்த்தோ, மூக்கு வழியே மெல்லிய கருவியைச் செலுத்தியோ, உணவு எங்கே வழி தவறுகிறதென்று அறிவார்கள். பிறகு ஒருவரை மோவாயைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள். மற்றொருவரைத் தலையை ஒரு புறம் திருப்பச் சொல்வார்கள். ஒருவருக்கு உதவும் முறை இன்னொருவருக்குக் கேடாகலாம். ஆதலின் அண்டை வீட்டார் யோசனை இங்கே செல்லாது.

வீட்டில் நாம் நோயாளியை நேராக உட்காரவைத்து, சிறு கரண்டியளவாக ஊட்டி, ஒரு வாய் இறங்கிய பின்னரே அடுத்ததைத் தரவேண்டும். ஊட்டும்போது பேச்சுக் கொடுத்தல் ஆகாது. உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்கவிடலாகாது. வாயைத் தூய்மையாக வைத்திருத்தல் வேண்டும். களி ஒட்டும், தொண்டையில் தங்கும். அதே கேழ்வரகைக் கட்டியின்றிக் குழைவான கூழாக்கினால் பலருக்கு எளிதாகும். பதத்தை மட்டும் நிபுணர் சொல்லவேண்டும். காரச்சாறு புண்பட்ட வாய்க்கு ஒவ்வாது.

மூக்குக்குழாய் பொருத்தியதும், இனி வாய்க்கு வேலையில்லை என்று இருந்துவிடுகிறோம். பயன்படாத தசை வலுவிழந்துவிடும். விழுங்கும் பயிற்சிகளைக் கதிர்வீச்சு தொடங்குமுன்பே கற்றுக்கொள்வது நலம். புண் எரியும் வாரங்களில் புதிதாகக் கற்பது கடினம். குழாயில் உணவு செல்லும் நாட்களிலும், உமிழ்நீரையேனும் விழுங்கிப் பழகலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.