கண்டனம் எழுதப் போகிறீர்களா?

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கண்டனத் தீர்மானம் எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

எதைக் கண்டிக்கலாம்? ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய, தவிர்த்திருக்கக்கூடிய செயலை மட்டும். அடைமழையில் வீடுகள் மூழ்கினால் வருத்தம் தெரிவிக்கலாம். ஏரியின் கலங்கலை (மிகுநீர் வழிந்தோடும் இடம்) அடைத்துக் கட்டடம் எழுப்பியதால் மூழ்கினால், அடைத்ததற்குக் கண்டனம் தெரிவிக்கலாம்.

வாக்கியம் எப்படி அமைய வேண்டும்? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘கண்டிக்கிறோம்’ என்று முடித்தால், ‘கலங்கலை அடைத்ததைக் கண்டிக்கிறோம்’. ‘கண்டனம் தெரிவிக்கிறோம்’ என்று முடித்தால், ‘கலங்கலை அடைத்ததற்குக் கண்டனம் தெரிவிக்கிறோம்’. ‘அடைத்ததைக் கண்டனம் தெரிவிக்கிறோம்’ என்பது பிழை. சுவரொட்டியில் பார்த்திருப்பீர்கள், நீங்கள் எழுத வேண்டாம்.

‘வன்மையாக’ சேர்க்கலாமா? ஒருமுறை போதும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன நடந்தது என்ற விவரம்தான் கண்டனத்துக்கு வலு.

ஆளைத் திட்டலாமா? கூடாது. ஆதாரமில்லாமல் ஒருவரைக் ‘கொள்ளைக்காரர்’ என்று அச்சிட்டால், அவதூறு (நற்பெயரைக் கெடுத்தல்) வழக்கு உங்கள் மீதே வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. செய்த காரியத்தைச் சொல்லுங்கள், பட்டப்பெயர் வேண்டாம்.

கண்டித்துவிட்டால் காரியம் நடந்துவிடுமா? நடக்காது. மக்களவையிலேயே நிலைமை அதுதான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் அமைச்சரவை பதவி விலகியே ஆக வேண்டும். கண்டனத் தீர்மானம் நிறைவேறினால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கண்டனத் தீர்மானத்தில் காரணத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அது தேவையில்லை. காரணம் சொல்லாத கண்டனம் வெறும் கோபமாகவே நின்றுவிடும் என்பது என் கருத்து.

ஒரே ஒரு விதிவிலக்கு, அரசு ஊழியர்களுக்கு. துறை நடவடிக்கையில் ‘கண்டனம்’ என்பதே ஒரு தண்டனை. சிறு தண்டனைகளில் அதுவும் ஒன்று. பணிப்பதிவேட்டில் ஏறும். அப்படியொரு ஆணை உங்களுக்கு வந்தால் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், மேல்முறையீடு செய்யலாம்.

சங்கத் தீர்மானத்துக்கு வருவோம். கண்டனத்துக்கு அடுத்த வரியிலேயே கோரிக்கை வர வேண்டும்: ‘அடைப்பை உடனே அகற்றி, கலங்கலை மீட்டுத் தருமாறு கோருகிறோம்.’ உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, மறக்காமல் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.