அபாகஸ், கீபோர்டு, கராத்தே... கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு எது 'எக்ஸ்ட்ரா கிளாஸ்'?

நாமக்கல் டவுனில் சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்கூட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பின் சீட்டில் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பிள்ளை இருக்கும். திங்கள் அபாகஸ், செவ்வாய் இந்தி, புதன் கராத்தே, சனிக்கிழமை கீபோர்டு. 'நமக்குத்தான் கிடைக்கலை, பிள்ளைக்காவது கிடைக்கட்டும்' என்று அம்மாக்கள் வாரம் முழுக்க அலைகிறார்கள். எல்லா டவுனிலும் இதே கதைதான்.

அதே மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இங்கே ஊராட்சிகளுக்கு 'நாடு' என்றுதான் பெயர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என மொத்தம் 14. அதில் ஒன்று வளப்பூர் நாடு. பெயர் தெரியாவிட்டாலும் இடம் பலருக்குத் தெரிந்திருக்கும். அறப்பளீஸ்வரர் கோயிலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் பார்க்கிற ஆகாய கங்கை அருவியும் இங்கேதான். சனி, ஞாயிறு வந்தால் கார்கள் வரிசைகட்டும். அந்தக் கார்களிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்கும், சாலையோரத்தில் மிளகும் அன்னாசியும் மலைவாழையும் விற்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வயது ஒன்றுதான். சாயங்காலம்தான் வேறு.

மலையில் பள்ளி மணி அடித்தால் நடக்க வேண்டும். வீடுகள் சிறு சிறு ஊர்களாகச் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டின் கல்வி உரிமைச் சட்ட விதிகள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. சமவெளியில் அது சைக்கிளில் பத்து நிமிஷம். மேடும் பள்ளமும் ஓடையுமாக இருக்கிற இடத்தில் அந்த 3 கிலோமீட்டர் வேறு கணக்கு. மழை, மூடுபனி, இருட்டு, எதிரே வரும் காட்டெருமை... பட்டியலைப் பெற்றோரே சொல்வார்கள். ஆக, 'ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம் டிராயிங் கிளாஸ்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பாட்டோ, ஓவியமோ, கம்ப்யூட்டரோ, பள்ளி நேரத்துக்குள் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

அப்படியானால் பள்ளி நேரத்துக்குள் என்ன இருக்கிறது?

அந்த 100 என்ற எண்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், அந்தப் பள்ளிக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் பகுதி நேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும். கேட்க நல்ல விதிதான். ஆனால், மூன்று வகுப்பும் சேர்ந்து 100-ஐத் தாண்டாத பள்ளிக்கு? சட்டம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை.

மலைக்கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வகுப்புக்கு 15, 20 பேர் இருந்தால் பெரிய விஷயம். யாரோ வேண்டுமென்றே மலைப் பிள்ளைகளை ஒதுக்கிவைத்ததாகச் சொல்ல முடியாது. சமவெளியை மனதில் வைத்து எழுதிய எண் மலையில் வந்து இப்படி வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஆனால், ஓவிய வாத்தியார் இல்லாமல் மூன்று வருஷம் கழிக்கும் பிள்ளைக்கு அந்த விளக்கத்தால் என்ன லாபம்?

தமிழ்நாட்டில் இந்த விதியின்படி 2012-ல் 16,549 பகுதி நேரச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை, தோட்டக்கலை எனப் பல பாடங்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, அப்போது மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக உயர்ந்து 12,500-ஐத் தொட்டது. பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் தரப்படவில்லை. பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடிய செய்திகளை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். வேறு வேலை கிடைத்தவர்கள் போனார்கள், ஓய்வுபெற்றவர்கள் போனார்கள், காலியான இடங்கள் அப்படியே நின்றன. அந்தச் சம்பளத்துக்கு 70 வளைவு ஏறி வந்து தையலும் இசையும் சொல்லிக்கொடுக்க எத்தனை பேரால் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் கட்டணம் போக என்ன மிஞ்சும்?

பைக்கில் வரும் ஆய்வகம்

இந்த ஓட்டையை அரசு வேறு வழியில் அடைக்கப் பார்த்தது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'வானவில் மன்றம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலையும் கணிதத்தையும் கையால் செய்து பார்க்கவைப்பதுதான் நோக்கம். கருத்தாளர் ஒருவர் சோதனைப் பொருள்களைப் பையில் எடுத்துக்கொண்டு, இருசக்கர வாகனத்தில் பள்ளி பள்ளியாகப் போவார். பலூன், உறிஞ்சுகுழல், கண்ணாடி, காந்தம் என எளிய பொருள்கள். அறிவியல் மன்றம் நடத்திப் பழகியவர்களுக்குத் தெரியும், ஏழாம் வகுப்புப் பிள்ளை வருஷம் முழுக்க மறக்காத பாடம் அந்த ஒரு மணி நேரம்தான்.

13,210 பள்ளிகள், 710 கருத்தாளர்கள் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 18, 19 பள்ளிகள். சமவெளியில் ஒரே நாளில் இரண்டு பள்ளிகளைத் தொட்டுவிடலாம். கொல்லிமலையில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். ஆனாலும், வராத ஓவிய ஆசிரியருக்கு எப்போதாவது வருகிற கருத்தாளர் மேல்.

அதே கல்வியாண்டில் கலைத் திருவிழாவும் வந்தது. முதலில் பள்ளி அளவில், பிறகு வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள். கரகம், பறை, ஒயிலாட்டம், களிமண் சிற்பம், தனி நடிப்பு, கையெழுத்து என்று பட்டியல் நீளம். மாநில அளவில் ஜெயிப்பவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம். சலங்கை கட்டிய பிள்ளைகளைப் பார்த்தபோது, அரசுப் பள்ளியில் இவ்வளவு இருக்கிறதா என்று ஊரே ஆச்சர்யப்பட்டது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். போட்டி இருக்கிறது, அதற்கு முன்னால் வருஷம் முழுக்க நடக்க வேண்டிய வகுப்பு பல பள்ளிகளில் இல்லை. ஏற்கெனவே வீட்டில் பறை அடிக்கிறவன் மேடையேறுகிறான். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவன் கைதட்டுகிறான்.

விடுதியில் நீளும் சாயங்காலம்

மலையில் இன்னொரு வகைப் பள்ளிகளும் உண்டு. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். கூடவே, கொல்லிமலை செங்கரையில் மத்திய அரசுத் திட்டத்தில் இயங்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி. ஏகலைவா பள்ளிகளில் சேர்க்கை ஆறாம் வகுப்பிலிருந்துதான். இந்தப் பிள்ளைகள் நாலு மணிக்கு வீட்டுக்கு நடக்க வேண்டியதில்லை. சாயங்காலம் முழுக்க வளாகத்திலேயே இருக்கிறார்கள். டவுன் பெற்றோர் காசு கொடுத்து வாங்கும் அந்த நேரம், இங்கே இலவசமாகவே கிடக்கிறது. விளையாட்டு, பிறகு படிப்பு நேரம், சாப்பாடு, தூக்கம் என்று அது போய்விடுவதுதான் வழக்கம். வாரத்தில் இரண்டு மாலைகள் பாட்டுக்கோ மரவேலைக்கோ ஒதுக்கப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

ஏகலைவன் என்ற பெயரைக் கேட்கும்போது ஒன்று உறுத்தும். கற்றுத்தர மறுக்கப்பட்ட வில்லாளியின் பெயர் அது. கொல்லிமலையை ஆண்டவனாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் ஓரியும் வில்லாளிதான், 'வல்வில்' என்ற அடைமொழியே அதனால் வந்தது. ஆடி 17, 18-ல் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. இந்த மலையின் நடுநிலைப் பள்ளிகளில் வில்வித்தையை ஒரு விருப்ப வகுப்பாக வைத்தால் 'எதுக்கு இது?' என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சாமையும் ஒரு பாடம்தானே?

இங்கேதான் விவகாரமான கேள்வி வருகிறது. மலைப் பிள்ளைக்குக் கூடுதலாக என்ன சொல்லிக்கொடுப்பது? கோடிங்கா, சாமையா?

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களிடம் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்) சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திரிகுலாச் சாமை, சடஞ்சாமை என்று எத்தனையோ ரகங்கள் உண்டு. சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பரவியதும் சிறுதானிய நிலம் சுருங்கியது. உரலில் இடித்து உமி நீக்கும் பாடு பெண்களுடையது என்பதால், அவர்களே 'போதும்' என்றதும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே வேலை செய்து ரகங்களைப் பதிவு செய்தது, கிராம விதை வங்கிகள் அமைத்தது, உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது.

ஏழாம் வகுப்பில் இதை ஒரு விருப்ப வகுப்பாக நினைத்துப் பாருங்கள். ஒரு படி சாமையை எடை போட்டு, உமி நீக்கி, மறுபடி எடை போட்டால் சதவிகிதக் கணக்கு. இரண்டு ரகங்களை அடுத்தடுத்த பாத்தியில் விதைத்து உயரம் அளந்தால் வரைபடம். பாட்டியிடம் பெயர்களைக் கேட்டு எழுதினால் தமிழ்.

ஆனால், தமிழ்நாட்டுக்கு இதில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. 1953-ல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் மற்றவர்களும் கொதித்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். 'விவசாயி மகனுக்கு விவசாயம், மலைப் பிள்ளைக்கு மிளகு' என்று யார் ஆரம்பித்தாலும் அந்த நினைவு வரும், வர வேண்டும். 'நாங்க பட்டது போதும், எம்புள்ளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுங்க' என்று ஒரு தாய் கேட்டால் அதில் தவறே இல்லை.

வித்தியாசம் ஒரே இடத்தில்தான். பிள்ளை தேர்ந்தெடுத்தால் அது விருப்ப வகுப்பு. பிள்ளைக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்தால் அது குலக்கல்வி. வளப்பூர் நாட்டுப் பள்ளியில் சாமையும் இருக்க வேண்டும், 6 முதல் 9 வகுப்புகளுக்கென அரசு கொண்டுவந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் பாடமும் இருக்க வேண்டும். நாமக்கல் டவுன் பள்ளியிலும் இதே இரண்டும் இருந்தால் சந்தேகமே எழாது.

இதற்கு உதாரணம் ரொம்ப தூரத்தில் இல்லை. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கேயும் மலையாளி மக்கள்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் 'துளிர்' கற்றல் மையம் அங்கே தொடங்கியபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்க, வரைய, கைவேலை செய்யக் கதவைத் திறந்துவைத்தார்கள். படிப்பை நிறுத்தியவர்களுக்கு மூங்கில் வேலை, மின்சார வேலை, கட்டட வேலை என அடிப்படைத் தொழில்நுட்பமும் உண்டு. மலைக்காரர்களுக்கு மலைவேலை என்று அங்கே யாரும் கோடு போடவில்லை.

எட்டாவதில் வரும் 48,000 ரூபாய்

விருப்ப வகுப்புக்குப் போட்டியாக நிற்பது படிப்பேதான். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் (என்.எம்.எம்.எஸ்) தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. அதனால் நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளியில் மிச்சமிருக்கும் பீரியடெல்லாம் இந்தத் தேர்வுப் பயிற்சிக்கே போகிறது. அவரைக் குறைசொல்ல முடியாது. டிராயிங் நோட்டு மூடியே கிடக்கிறது என்பதும் உண்மை.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வழிகள் சில உண்டு. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சொந்த ஊர்ப் பிரச்னையைத் தாய்மொழியிலேயே ஆய்வு செய்து சமர்ப்பிக்கலாம். 1993-லிருந்து நடக்கிறது. 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதலே ஒரு புதிய யோசனையைப் பள்ளி மூலம் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கும். உமி நீக்குவதில் அம்மா படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு யோசனைக்கா பஞ்சம்?

பெற்றோர் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 'எங்கள் பள்ளியில் 100 பேர் இல்லை, ஆனாலும் ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் ஆள் வேண்டும். பக்கத்துப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒருவரைப் போடுங்கள்' என்று தீர்மானம் எழுதி அனுப்பலாம். கூட்டம் வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும். தை, மாசியில் மிளகு பறிக்கும் நாளாக இருந்தால், வளப்பூர் நாட்டு அம்மாவுக்கு அன்றைக்கு அரை நாள் கூலி போகும்.