இல்லாத ஊரின் சந்தைகள் – 7: பறவைக்கறி கேட்ட டாக்டர்கள்

போன வாரம் கடைத்தெரு வரைக்கும் வந்தோம். இந்த வாரம் மருந்துக்கடைக்குள் நுழைவோம்.

பெரும்பாலான ஆன்லைன் விளையாட்டுகளில் மருந்து செய்வதைப்போல சுலபமான வேலை கிடையாது. செய்முறையில் மூன்று மூலிகை என்று போட்டிருக்கும். மூன்றைப் பறித்துப் போட்டால் ஒரு குப்பி மருந்து கையில் வந்துவிடும். யார் பறித்தாலும், எங்கே பறித்தாலும், அதே குப்பி, அதே வீரியம். 2003 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ இந்த வழக்கத்தை அடியோடு மாற்றியது. சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் உருவாக்க, லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட விளையாட்டு. படைப்பு இயக்குநர் ராஃப் காஸ்டர், அதற்கு முன் ‘அல்டிமா ஆன்லைன்’ விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர். துப்பாக்கி, சட்டை, வீடு, மருந்து என ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களே செய்து, ஆட்டக்காரர்களுக்கே விற்க வேண்டும் என்று அந்தக் குழு தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு உயிர் கொடுத்தது, மண்ணில் கிடைத்த சரக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருந்ததுதான் என்பேன்.

தொடக்கத்தில் அந்த விளையாட்டில் பத்துக் கிரகங்கள். டாட்டூயின், நபூ, கோரெலியா, டான்டூயின், லோக் என்று ஒவ்வொன்றின் மண்ணிலும் உலோகம், ரசாயனம், வாயு, தாவரம் என வளங்கள் தோன்றும். ஒவ்வொரு புது வளத்துக்கும் கணினி ஒரு புதுப் பெயர் சூட்டும். கூடவே குணங்களையும் எண்களாக நிர்ணயிக்கும். ஒட்டுமொத்தத் தரம், உள்ளுறை ஆற்றல், கடத்துதிறன், சிதைவைத் தாங்கும் சக்தி, உறுதி என ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1000. ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் அந்த வளம் தோண்டக் கிடைக்கும். அப்புறம் மறைந்துவிடும். அதே பெயரில், அதே எண்களோடு திரும்பி வரவே வராது. கிடங்கில் சேர்த்து வைத்தவருக்கு இருக்கும். அசந்து போனவருக்குக் கிடையாது.

ஆகவே மருந்து செய்கிறவரின் பொழுது, மருந்து செய்வதில் விடியாது. சர்வே கருவியை எடுத்துக்கொண்டு கிரகம் கிரகமாகப் போவார். கருவி அந்த வட்டாரத்தில் எங்கெங்கே எத்தனை சதவீதம் செறிவு என்று காட்டும். அதிகம் காட்டும் பக்கமாக நடந்து, நின்று, மறுபடி கருவியை இயக்கி, உச்சம் கிடைக்கும் இடத்தில் ஹார்வெஸ்டர் இயந்திரத்தை ஊன்றுவார். அந்த இயந்திரம் சும்மா ஓடாது. பராமரிப்புக்குக் கிரெடிட் கட்ட வேண்டும், மின்சாரம் ஊற்ற வேண்டும், தொட்டி நிறைந்தால் போய் அள்ளி வர வேண்டும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். மெடிக் தொழிலில் நுழைகிறவர் முதலில் கற்றுக்கொள்வது ஸ்டிம்பேக். அடிபட்டவரின் ஆரோக்கியத்தை ஏற்றும் ஊசி. அதற்குக் கரிமப் பொருள் ஒன்று, கனிமப் பொருள் ஒன்று வேண்டும். எது கையில் இருந்தாலும் போடலாம், ஊசி வந்துவிடும். ஆனால் ஊசியின் வீரியத்தை ஒட்டுமொத்தத் தரமும் உள்ளுறை ஆற்றலும் சேர்ந்து தீர்மானிக்கும். தரத்துக்குத்தான் கூடுதல் எடை. இரண்டு தாவரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குத் தரம் 950, ஆற்றல் 300. மற்றதற்குத் தரம் 800, ஆற்றல் 850. புதிதாக வந்தவர் 950-ஐப் பார்த்ததும் மயங்குவார். தரத்துக்கு இரண்டு பங்கு, ஆற்றலுக்கு ஒரு பங்கு என்று கணக்குப் போட்டாலே முதலாவது 733-இல் நின்றுவிடும். இரண்டாவது 817-ஐத் தொடும். அனுபவசாலி மறுபேச்சு இல்லாமல் இரண்டாவதை எடுப்பார். அந்த 950 தரமுள்ள தாவரம் ஆற்றல் கேட்காத வேறு தொழில்காரருக்குத் தங்கமாக இருக்கலாம், அவரிடம் விற்றுவிடுவார்.

பொருளைப் போட்டபின் பரிசோதனைக் கட்டம். கற்ற தேர்ச்சிக்கு ஏற்பப் புள்ளிகள் உண்டு. அவற்றை வீரியத்தில் போடலாம், அல்லது ஒரு ஊசியை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதில் போடலாம். அதிர்ஷ்டம் கைகொடுத்தால் ஒரேயடியாக ஏறும்; கைவிட்டால் படுதோல்வி என்று திரையில் வரும், போட்ட புள்ளி வீண். ஆனால் எவ்வளவு பெரிய மேதை உட்கார்ந்தாலும், போட்ட சரக்கு அனுமதிக்கும் உச்சத்தைத் தாண்டி ஊசியின் வீரியம் ஏறாது. திறமைக்கும் சரக்குக்கும் உள்ள இந்த உறவை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இன்னொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

தொழிற்சாலையில் கெடுபிடி இன்னும் அதிகம். நல்ல ஊசி ஒன்று அமைந்துவிட்டால் அதன் செய்முறையைச் சேமித்து, ஃபேக்டரியில் போட்டு மொத்தமாக அடிக்கலாம். ஆனால் முதல் ஊசிக்குப் போட்ட அதே பெயருள்ள வளத்தைத்தான் ஃபேக்டரி ஏற்கும். அதைவிடச் சிறந்தது கையில் இருந்தாலும் மறுத்துவிடும். சரக்கு தீர்ந்தால் அந்த மருந்தின் கதை முடிந்தது. கல்யாணச் சமையலுக்கு அரிசி வாங்குகிறவர் பந்தி முடியும்வரை ஒரே மூட்டை ரகம் வருமா என்று பார்ப்பாரே, அந்தக் கவலைதான் இவர்களுக்கும். நல்ல வளம் தலைகாட்டிய வாரத்தில் இயந்திரங்களை வரிசையாக ஊன்றி, மாதக்கணக்கில் வருமளவு அள்ளிவைத்தவர்களே நிலைத்து நின்றார்கள்.

உண்மையான பணம், மெடிக் தொழிலிலிருந்து முன்னேறிய டாக்டர்களிடம்தான் புழங்கியது. சண்டைக்குப் போகிறவரின் ஆரோக்கியம், வலிமை, உடற்கட்டு, செயல்திறன், வேகம், தாக்குப்பிடிக்கும் திறன் ஆகிய ஆறையும் சில மணி நேரத்துக்கு ஏற்றிவிடும் மருந்துகள் அவர்களிடம் இருந்தன. ‘பஃப்’ என்பார்கள். சில திறன்கள் இயல்பைவிடப் பல மடங்கு ஏறும். அந்த மருந்தின் உயர்ரகப் பாகத்துக்குப் பறவைக்கறி தேவைப்பட்டது. கறியை இயந்திரம் தோண்டித் தராது. ஸ்கவுட், ரேஞ்சர் தொழில் கற்றவர்கள் பறவையை வேட்டையாடி அறுத்துக் கொண்டுவர வேண்டும். அந்தக் கறிக்கும் எண்கள் உண்டு, அதுவும் சில நாளில் மாறிவிடும். நல்ல எண் வந்துவிட்டால் டாக்டர்கள் வேட்டைக்காரர்களைத் தேடிப்பிடித்து முன்பணம் கொடுப்பார்கள்.

கோரெலியாவின் கொரோனெட் விண்துறைமுகத்தில் டாக்டர்கள் கூவிக் கூவி ஆள் பிடிப்பார்கள்; எதிரே வரிசை நிற்கும். வரிசையில் நின்றவர்கள் விலையோடு எண்ணையும் கேட்டார்கள், உன் மருந்து எத்தனை ஏற்றும் என்று. இரண்டாந்தரக் கறியில் செய்த டாக்டருக்குக் குறைந்த விலை, நல்ல கறி சேர்த்து வைத்திருந்தவருக்குக் கூடுதல் விலை. யாரிடம் சரக்கு நன்றாக இருக்கிறது என்பது வாய்வழியாகவே ஊர் முழுக்கப் பரவியது. விளம்பரப் பலகையோ தரவரிசைப் பட்டியலோ தேவைப்படவில்லை.

இந்தச் சமநிலையை நிர்வாகமே குலைத்தது. 2005 ஏப்ரலில் சண்டை முறையை மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். டாக்டர் என்ற தனித்தொழிலே இல்லாமல் போனது. புதியவர்களுக்கு எளிமையாக இருக்கட்டும் என்று செய்த மாற்றம், ஏற்கெனவே இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற வைத்தது. சிக்கலானதுதான் அந்த முறை, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிக்கலுக்காகத்தான் ஆட்டக்காரர்கள் அங்கே குடியிருந்தார்கள். அதைப் புரிந்துகொள்ளாதது பெரிய பிழை. 2011 டிசம்பர் 15 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன.

2005 மாற்றங்களுக்கு முந்தைய வடிவத்தை ‘எஸ்.டபிள்யூ.ஜி. எமு’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதில் மெடிக்காகச் சேர்ந்து, நீங்களே தேடி எடுத்த சரக்கில் ஒரு ஸ்டிம்பேக் செய்து பாருங்கள். உங்கள் விளையாட்டில் ‘மூன்று மூலிகை’ என்று எழுதுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

டாக்டர் ஏற்றிய ஆறு திறன்களில் மனம் சேரவில்லை. அதை ஏற்றியவர்கள் மதுக்கூடங்களில் ஆடிய நடனக்காரர்களும் வாசித்த இசைக்காரர்களும். அவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)