அரிக்கமேட்டில் இறங்கிய ரோமாபுரி மது

புதுச்சேரி என்றதும் பலருக்கு மதுக்கடைதான் நினைவுக்கு வருகிறது. "எல்லாம் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பழக்கம்" என்று பழியை அவர்கள் தலையில் போடுவோரும் உண்டு.

அது சரியல்ல. பிரெஞ்சுக்காரர் இங்கே கால் வைப்பதற்கு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் சீமை மது வந்து இறங்கிவிட்டது!

இறங்கிய இடம் அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள மேடு அது. இன்று அங்கே தென்னையும் மாமரமும்தான் கண்ணில் படும்.

அலமாரியில் கிடைத்த துப்பு

1937-ம் ஆண்டு. புதுச்சேரியில் இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரின் கைக்கு, அந்த மேட்டில் கிடைத்த மணிக்கல் ஒன்று வந்தது. அதில் ஒரு மனிதனின் தலை செதுக்கி இருந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டசின் தலை அது என்றார் அவர்.

1944-ம் ஆண்டு. இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே வைக்கோல். அதைக் கிளறினார். ஒரு மண்சாடியின் உடைந்த கழுத்தும் கைப்பிடியும் கையில் அகப்பட்டன. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ரோமாபுரிச் சாடி!

எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். புதுச்சேரி என்றார்கள். ரெயில் ஏறிவிட்டார். அப்போது அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. ஆகவே பிரெஞ்சுக்காரரின் அனுமதி பெற்று, 1945-ல் மண்வெட்டியைப் போட்டார். சாடித் துண்டுகள் ஏராளமாக வெளிவந்தன.

கடல்நீர் கலந்த மது

அந்தச் சாடிகள் எப்படி இருக்கும்? சுமார் 3 அடி உயரம். இரண்டு பக்கமும் காதுபோல் கைப்பிடி. அடிப்பக்கம் கூர்மை. தரையில் நிற்காதே என்று கேட்கத் தோன்றும். நிற்க வேண்டியது தரையில் அல்ல, கப்பலில்! ஒன்றின் இடுக்கில் மற்றொன்றாக அடுக்குவதற்கும், கவிழ்த்து ஊற்றும்போது பிடித்துக்கொள்வதற்கும் அந்தக் கூர் உதவியது. மது கசியாமல் இருக்க உள்ளே மரப்பிசின் பூசினார்கள்.

கிரேக்க நாட்டில் கோஸ் என்று ஒரு தீவு. அந்தத் தீவின் மதுவில் கடல்நீரைக் கலப்பார்கள். அந்த வகைச் சாடிகளும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. உப்புக் கரிக்கும் மதுவை விலை கொடுத்து வாங்கி இருக்கிறார்கள்!

இன்னொரு வேடிக்கை. ஸ்பெயினில் இருந்து ஆலிவ் எண்ணெயும், மீனை ஊறவைத்து இறக்கிய சாறும் வந்துள்ளன. வலை நிறைய மீன் பிடிக்கும் ஊருக்கு மீன்சாறு இறக்குமதி!

மது வந்த வழி லேசானது அல்ல. எகிப்துவரை கப்பல். பிறகு நைல் நதியில் படகு. பாலைவனத்தில் ஒட்டகம். செங்கடலில் மீண்டும் கப்பல். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கப்பலை இந்தியாவுக்குத் தள்ளிக்கொண்டு வரும். திரும்பிப் போகும் கப்பல்களில் மிளகு, முத்து, மெல்லிய துணி ஏறின.

குடித்தது யார்?

இங்கேதான் வழக்கு. அரிக்கமேட்டை ரோமாபுரி வணிகரின் பண்டகசாலை என்று கருதினார் வீலர். அப்படியானால் மதுவும் அவர்களுக்கே வந்ததாக வேண்டும்.

ஆனால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடியும் தோண்டினார்கள். ரோமாபுரிச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே நம்மவர் குடியிருந்தார்கள் என்பது உறுதியாயிற்று. மணி கோத்து விற்றவர்கள் அவர்கள். தங்கள் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் பானையில் கீறி வைத்தவர்கள்.

புறநானூறும் சாட்சி சொல்கிறது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர, பாண்டியன் நன்மாறன் பருகியதாக நக்கீரர் பாடி இருக்கிறார். பாண்டியன் குடித்திருந்தால், அரிக்கமேட்டுச் செல்வர் மட்டும் வேண்டாம் என்றா சொல்லி இருப்பார்கள்?

மதுவின் வாசனை போய்விட்டது. சாடித் துண்டுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பழைய ஊரின் ஒரு பகுதியை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் தென்னை மரங்களுக்கு அடியில் கிடக்கிறது.